முன்கதைக்காரி

போன மாதம் வெளிவந்த ‘இறங்காத கப்பல்’ புத்தகத்தின் முதல் பக்கங்களில் ஒரு நன்றிப் பட்டியல் இருக்கிறது. அட்டைப்படம் வரைந்தவருக்கு நன்றி, பிழை பார்த்தவருக்கு நன்றி, பழைய இதழ்களைப் பரணிலிருந்து இறக்கித் தந்த வாசகருக்குக்கூட நன்றி. என் அக்காவின் பெயர் இல்லை. பதிப்பாளர் போட்டுத்தான் அனுப்பினார். அக்காதான் சிவப்பு மையால் அடித்தாள். அடித்ததோடு விடாமல், பக்கம் அமைத்த என்னிடம் நேரில் வந்து, தன் பெயர் வேறெங்காவது ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று திரையில் தேடியும் பார்த்தாள். அவள் சுபாவம் அது. அதனால்தான் இதை நான் எழுதுகிறேன். அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும்.

நாங்கள் இருவரும் ஒரே வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தோம். விண்வெளிக் கதைகளும் மாயாஜாலக் கதைகளும் தவிர வேறெதையும் அச்சிடாத பத்திரிகை. பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. படி ஏறும்போதே அமில வாடை மூக்கைத் துளைக்கும். புதிதாக வருகிற எழுத்தாளர்கள் அதை ஏதோ விஞ்ஞான வாடை என்று நினைத்து ஆழமாக மூச்சிழுப்பார்கள். உள்ளே ஆறு மேசை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆசிரியர். மூலையில் கணினியோடு நான். ஜன்னலை ஒட்டி அக்கா. பெயருக்குத் துணை ஆசிரியர். உண்மையில் அவளுடைய வேலை ஒன்றுதான். தொடர்கதைகளுக்கு முன்கதைச் சுருக்கம் எழுதுவது.

போன வாரம் பத்திரிகை வாங்காதவருக்கு இந்த வாரம் தலையும் புரியாது, வாலும் புரியாது. அவருக்காக ஒவ்வொரு தொடரின் தலையிலும் கட்டம் கட்டி, அதுவரை நடந்ததைச் சொல்லவேண்டும். தொண்ணூறு சொல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது ஆசிரியர் போட்ட சட்டம். அக்கா தன் பங்குக்கு மூன்று சேர்த்துக்கொண்டாள். எல்லாம் இப்போது நடப்பதுபோல எழுதவேண்டும். யாரையும் நல்லவர், கெட்டவர் என்று சொல்லக்கூடாது. எழுத்தாளர் எழுதாத எதையும் எழுதக்கூடாது. இந்த மூன்றாவதை அவள் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மீறினாள். நான் சொல்ல வந்ததே அந்த ஒரு தடவையைப் பற்றித்தான்.

ஆபீசில் எல்லோருக்கும் அவள் ‘முன்கதை மேடம்’. படம் வரைகிறவர் தன் மேசையிலிருந்தே கத்துவார், இந்த ரெட்டைத் தலை ராட்சசன் போன வாரமே செத்துவிட்டானா என்று. இல்லை, இடது தலை மட்டும்தான் போயிற்று என்று அக்கா தலை நிமிராமல் சொல்வாள். எந்தக் கிரகத்துக்கு எத்தனை நிலா, எந்த மந்திரவாதி யாருக்கு மைத்துனன், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். எங்கள் அம்மா உயிரோடிருந்த வரை, பெரியவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களிடம், அவள் மற்றவர்கள் சொன்ன பொய்யைச் சுருக்கிச் சொல்கிறாள் என்பாள்.

அவள் சேர்ந்தது சுருக்கம் எழுத அல்ல. கதை எழுதத்தான். சேர்ந்த பத்து வருடத்தில் பதினொரு கதைகள் ஆசிரியரிடம் கொடுத்தாள். பதினொன்றும் திரும்பி வந்தன. ஆசிரியர் மென்மையான மனிதர். ஒருவரைத் திட்டவேண்டுமென்றால்கூட முதலில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திட்டுவார். கடைசிக் கதையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘எல்லாம் நடக்கிறது. யாருக்கும் வலிக்கவில்லை.’ அக்கா அதைப் படித்துவிட்டு, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றாள். எனக்குத்தான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தினமும் அடுத்தவர் கதையின் சதையை உரித்து எலும்பை மட்டும் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, உன் கதையில் சதை இல்லையே என்றால் எப்படி? இதை நான் ஆசிரியரிடமே கேட்டிருப்பேன். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

‘இறங்காத கப்பல்’ எழுதியவரை நாங்கள் மழைமானி என்று கூப்பிட்டோம். முகத்துக்கு நேராக அல்ல, ஆனால் அவருக்கும் தெரியும். வானிலை நிலையத்தில் முப்பது வருடம் மழை அளந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, உயரமான மனிதர். எதைச் சொன்னாலும் ஒரு தரம் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார், கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும். அவர் கதையில் ஒரு கப்பல் பூமியை விட்டுக் கிளம்புகிறது. போய்ச்சேர இருநூறு வருடம் ஆகும். அதிலேயே பிறந்து அதிலேயே சாகிறவர்கள்தான் பாத்திரங்கள். விளக்கு வெளிச்சத்தில் காய்கறி வளர்க்கும் தோட்டக்காரர் ஒருவர், தாயில்லாத அவருடைய சின்ன மகள். ஒரு வாரம் தோட்டம், அடுத்த வாரம் கப்பல் தலைவரின் அறை என்று மாற்றி மாற்றி எழுதுவார். தோட்டத்தில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத் தலைவர் அறைக்குப் போய்விடுவார். வாசகர்கள் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

கையால் எழுதுவார். பிரதி வைத்துக்கொள்ள மாட்டார். எழுதியதைத் திரும்பப் படிப்பதும் இல்லை. ஒருமுறை அக்காவிடம் சொன்னார், வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் உங்கள் கட்டத்தை மட்டும் படிப்பேன், என் கதை எனக்கு ஞாபகம் இருப்பது அதனால்தான் என்று. அக்கா பயந்துபோனாள். அன்றிலிருந்து அவருடைய கட்டத்தை மட்டும் இரண்டு தடவை சரிபார்ப்பாள்.

அக்காவுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் என்னோடு ஆபீசுக்கு வந்து, அக்கா மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். இறங்காத கப்பல் அச்சாவதற்கு முன்பே அவளுக்கு மட்டும் கதை தெரியும். அக்கா சொல்லிவிடுவாள், அதுவும் தொண்ணூறு சொல்லில் அல்ல, முழுசாக, குரல் மாற்றி மாற்றி. ஒருநாள் மழைமானி வந்திருந்தபோது பாப்பா மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, கப்பல்ல இருக்கிற பொண்ணு மழையே பார்த்ததில்லையா என்று கேட்டாள். அவர் வானத்தைப் பார்க்க மறந்துபோய் அவளையே பார்த்தார். மூன்று வாரம் கழித்து வந்த அத்தியாயத்தில் தோட்டக்காரரின் மகள் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அத்தியாயத்தை மேசையில் வைத்ததும், பாப்பா என்ன சொல்றா என்று விசாரித்துவிட்டுத்தான் படி இறங்குவார்.

ஆண்டு மலர் முடிக்கும் வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். அக்கா நாலு நாள் விடுப்பு. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. நான்தான் போன் செய்தேன். மூன்று கட்டம் பாக்கி, ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போ என்றேன். அத்தான் வீட்டில் இருந்தார். அக்கா வந்தாள். ஒரு மணி நேரம் நாலு மணி நேரம் ஆனது. சாயங்காலம் அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். நாங்கள் போய்ச்சேர்ந்தபோது பாப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்க் கொண்டிருந்தார்கள். சக்கரப் படுக்கை உள்ளே போனது, கதவு மூடியது. பச்சைக் கதவு, நடுவில் சின்ன வட்டக் கண்ணாடி. அக்கா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறந்தபோது டாக்டர் மட்டும் வந்தார்.

நான் போன் செய்ததைப் பற்றி அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் வீட்டில் இருந்த பதினைந்து நாளில் முப்பத்தொன்றாம் அத்தியாயம் அச்சாகிப் போய்விட்டது. அதில் தோட்டக்காரரின் மகள் வைத்திருந்த தக்காளி நாற்றுத் தொட்டி உருண்டு, கப்பலின் வாசல் அறைக்குள் போய்விடுகிறது. கப்பலை விட்டு வெளியே போகிறவர்கள் இரண்டு கதவுகளுக்கு நடுவில் நின்று காற்றை இறக்கும் அறை அது. அவள் தொட்டியை எடுக்க உள்ளே போகிறாள். பின்னால் கதவு மூடிக்கொள்கிறது. தொடரும். அவ்வளவுதான். அவள் செத்தாள் என்று மழைமானி எழுதவில்லை. அடுத்த வாரம் தலைவர் அறை. அதற்கடுத்த வாரம்தான் தோட்டம்.

பதினாறாம் நாள் அக்கா வேலைக்கு வந்தாள். நேராக ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மேசைக்கு அடியில் கால் நீட்டவில்லை, கால்களை நாற்காலிக்குக் கீழேயே மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய இதழை எடுத்து முப்பத்தொன்றைப் படித்தாள். முப்பத்திரண்டுக்குக் கட்டம் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது: ‘தக்காளி நாற்றை எடுக்க அவள் உள்ளே போனதும் கதவு மூடிக்கொள்கிறது. தோட்டக்காரரின் மகள் அந்த அறையில் சிக்கி இறக்கிறாள்.’

எண்ணிப் பார்த்தேன். சரியாகத் தொண்ணூறு.

முப்பத்தொன்றாம் அத்தியாயத்துக்குப் பக்கம் அமைத்தவள் நான். அந்தப் பெண் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய், அக்கா, அவள் இன்னும் சாகவில்லை, கதவுதான் மூடியிருக்கிறது என்று சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? அதுவும் நான்? அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த ஒரு வரியை நானே சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம், அதற்கும் கை வரவில்லை. கட்டத்தைப் பக்கத்தில் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். கோழைகள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மழைமானி முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். வழக்கமாக வெள்ளைத் தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவர். இந்த முறை தாளெல்லாம் ஒரே அடித்தல். அக்காவின் மேசையில் வைத்தார். அன்று அவர் பாப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. அக்கா விடுப்பில் இருந்தபோதே ஆசிரியர் சொல்லியிருந்தார்.

அந்த அத்தியாயத்தில் ஒன்றுமே நடப்பதில்லை. தோட்டக்காரர் தோட்டத்துக்குப் போகிறார். மகள் நட்ட செடிகள் எவை என்று அவருக்குத் தெரியவில்லை. எது அவள் நட்டது, எது தான் நட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். தெரியாததால் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுகிறார். அவ்வளவுதான் அத்தியாயம். பாப்பா போனபிறகு அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஆபீஸ் மொத்தமும் அவரவர் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அழுது முடித்து, முகம் கழுவி, அடுத்த கட்டம் எழுத உட்கார்ந்தாள். எந்தச் சொல்லில் முடித்தோம் என்று பார்க்கப் பழைய இதழைப் புரட்டினாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. என் மேசைக்கு வந்து முப்பத்தொன்றின் கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள். இதில் எங்கே சாகிறாள் என்று கேட்டாள். நான் படிப்பதுபோல் பாவனை செய்தேன். அட, ஆமாம் என்றேன். அந்த ‘அட’வை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் காலையில் இருவரும் மழைமானி வீட்டுக்குப் போனோம். முப்பத்து மூன்று இன்னும் அச்சுக்குப் போகவில்லை. சின்ன வீடு. முன்னறையில் எழுதும் மேசை, இழுப்பறைகள், சுவரில் முப்பது வருட மழை அளவை அவரே வரைந்து மாட்டிய கோட்டுப் படம். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றார். அக்கா பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, எழுத்தாளர் எழுதாததைத் தான் எழுதிவிட்டதாகச் சொன்னாள். தன் தப்பை அவருடைய கதை சுமக்கவேண்டியதில்லை என்றாள். அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்துவிடலாம், அத்தியாயத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அதைத்தான் கேட்க வந்தாள், எனக்குத் தெரியும். கேட்கவில்லை. விதியைப் பற்றியே பேசினாள்.

மழைமானி வெகுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“தப்பு ஒண்ணும் இல்லம்மா. எனக்கும் அப்படித்தான் ஞாபகம். அவ செத்துட்டா.”

“நீங்க எழுதலையே.”

“எழுதலைன்னா என்ன, நினைச்சிருப்பேன். நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க.”

அக்கா தலையாட்டினாள். தேநீரைக் குடித்தாள். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். நான் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. என் குட்டு வெளிப்படவில்லை என்ற நிம்மதியில் இருந்தேன்.

முப்பத்து மூன்றாம் அத்தியாயம் பத்திரிகைக்கே பெயர் வாங்கிக்கொடுத்தது. மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். தோட்டக்காரரின் மகளுக்காகப் பெரியவர்கள் அழுதோம் என்று எழுதினார்கள். மழைமானி பெரிய எழுத்தாளர் ஆனார். கப்பல் இன்னும் அறுபத்தோரு வாரம் ஓடியது, ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணின் துக்கத்தைச் சுமந்துகொண்டு. அறுபத்தோரு வாரமும் அக்கா அதைத் தொண்ணூறு சொல்லில் எழுதினாள்.

அதோடு அவள் கதை எழுதுவதை நிறுத்திவிட்டாள். பன்னிரண்டாவது கதை வரவே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்காமல் பதில் சொன்னாள். தான் இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை போயிற்று, தான் கவனிக்காத நேரத்தில் இன்னொன்று போயிற்று, இனி எதன்மேலும் கை வைப்பதாக இல்லை என்றாள். ஞாபக மறதிக்கார மனிதர் ஒருவர் தன் கட்டத்தை நம்பினார், அந்த நம்பிக்கையை வைத்துத் தான் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் வெளியூருக்கு மாற்றல் வாங்கிப்போனார், மாதம் ஒருமுறை வந்தார், பிறகு கடிதம் மட்டும் வந்தது. அவரையும் அவள் குறை சொல்லவில்லை. கட்டத்தில் எழுதுகிற மாதிரிதான் வாழ்ந்தாள், யாரையும் நல்லவர் கெட்டவர் என்று சொல்லாமல்.

ஆசிரியர் காலமானார். பத்திரிகை நின்றது. மழைமானியும் போய்ச்சேர்ந்தார். அவர் போன இரண்டாம் வருடம், இளம் பதிப்பாளர் ஒருவர் இறங்காத கப்பலைப் புத்தகமாகக் கொண்டுவர முன்வந்தார். தொகுத்துச் சரிபார்க்க அக்காவைக் கேட்டார். பக்கம் அமைக்க என்னை. பழைய இதழ்களிலிருந்து தொண்ணூற்று நாலு அத்தியாயங்களையும் தட்டச்சு செய்தோம். புத்தகத்துக்கு எதற்கு முன்கதைச் சுருக்கம்? எல்லாக் கட்டங்களையும் எடுத்துவிட்டோம். அக்கா எழுதிய தொண்ணூற்று மூன்று கட்டங்களும் போயின. அவள் அதற்கு வருத்தப்படவில்லை.

வருத்தம் பதிப்பாளரிடமிருந்து வந்தது. படித்துவிட்டுப் போன் செய்தார். முப்பத்தொன்றில் கதவு மூடுகிறது, முப்பத்து மூன்றில் அப்பா துக்கத்தில் இருக்கிறார், நடுவில் அந்தப் பெண் எங்கே சாகிறாள், ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். கட்டத்தை எடுத்ததும் சாவும் கூடவே போய்விட்டது. அந்தப் பெண் செத்தது உலகத்திலேயே அக்காவின் ஒரு வரியில்தான். அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர், அப்படியானால் நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் மேடம், அவள் எப்படிச் செத்தாள் என்று, உங்களைவிட அந்தக் கதை தெரிந்தவர்கள் யார் என்றார்.

பாருங்கள் வேடிக்கையை. பதினொரு கதை திரும்பி வந்தவளுக்கு முதல்முறையாக, எழுது, அச்சிடுகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். எழுதவேண்டியது ஒரு குழந்தை மூடிய கதவுக்குப் பின்னால் எப்படி உயிர் விட்டது என்று.

மூன்று வாரம் தினமும் காலையில் தாளோடு உட்கார்ந்தாள். ஒரு வரி வரவில்லை. நாலாம் வாரம் அவளுக்கு ஒரு நப்பாசை. ஒருவேளை மழைமானி உண்மையிலேயே எழுதியிருந்து, கடைசித் தாள் அச்சுக்கு வரும் வழியில் தொலைந்திருந்தால்? அப்படியிருந்தால் அது அவர் செய்த சாவு, தான் செய்ததல்ல. அவர் மனைவியைக் கேட்டுப்பார்க்கலாம் என்றாள். பத்தொன்பது வருடம் கழித்து அதே வீட்டுக்குப் போனோம். மழைக் கோட்டுப் படம் அப்படியே இருந்தது. அந்த அம்மாளுக்கு முட்டி வலி, தேநீரை நானே போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அக்கா கேட்டு முடிப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்து மேசையின் இரண்டாம் இழுப்பறையைத் திறந்தார். ஒரு பழுப்பு உறை. மேலே மழைமானியின் கையெழுத்து: ‘33, முதலில் எழுதியது. முன்கதை மேடம் கேட்டால் மட்டும் கொடுக்க.’

உள்ளே ஆறு தாள். அடித்தல் திருத்தல் இல்லாத வெள்ளைத் தாள். அக்கா படித்தாள், நான் தோளுக்கு மேலே படித்தேன். தோட்டக்காரர் கதவைத் தட்டுகிறார். உள்ளே அவள் அழாமல், காற்றை இறக்கும் திருகைத் திரும்பவிடாமல் வெறுங்கையால் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறாள். அவர் கதவைப் பெயர்க்கிறார். திறக்கிறது. நாற்றுத் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வருகிறாள். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்பாவிடம் சொல்கிறாள்.

உங்கள் குழந்தை போன செய்தி கேட்ட வாரம் இதை எழுதினார் என்றார் அந்த அம்மாள். இந்தப் பெண்ணையாவது வெளியே கொண்டுவருகிறேன், அந்தம்மா படிக்கட்டும் என்று எழுதினாராம். கொடுப்பதற்கு முன்பு வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. கட்டத்தைப் படித்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவளே, அந்தப் பெண் செத்துவிட்டாள் என்று எழுதியபிறகு, தன் கதையில் மட்டும் குழந்தை சிரித்துக்கொண்டு வெளியே வந்தால் அந்த மனசு என்ன பாடுபடும் என்று நினைத்தார். இதை உள்ளே வைத்துவிட்டு வேறு எழுதினார்.

“அன்னிக்கு நீங்க வந்தீங்களே, அப்பவும் இந்த இழுப்பறையிலதான் இருந்துச்சு. பொண்ணைக் காப்பாத்துங்கன்னு அவங்க வாயால கேட்டா எடுத்துக் கொடுத்துடறேன்னார். நீங்க கேக்கலையேம்மா.”

“அப்போ அவருக்கு மறதி இல்ல.”

“மழை எந்த வருஷம் எத்தனை அங்குலம்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தார். அவருக்கா மறதி?”

ஆசிரியருக்கும் தெரியுமாம். ஏதோ ஒரு வாசகர், போன இதழில் கதவுதானே மூடியது, எப்படி இறந்தாள் என்று கார்டு எழுதியிருக்கிறார். ஆசிரியர் அதை மழைமானியிடம் காட்டிவிட்டுக் கிழித்துப் போட்டாராம். எவ்வளவு நல்லவர்கள் எல்லோரும். இனியும் மென்று முழுங்க முடியவில்லை. எனக்கும் தெரியும் அக்கா, பக்கம் போடும்போதே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கோபப்படத் தெரிந்த முகமாகவே இல்லை அது.

“ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்டி. பத்தொன்பது வருஷமா ரெண்டு பிள்ளைக்கு அழுதுட்டிருக்கேன். ஒண்ணு உயிரோடதான் இருந்திருக்கு.”

அவள் மனம் நோகக்கூடாது என்று மூன்று பேர் அவரவர் பங்குக்கு வாயை மூடிக்கொண்டு, அவள் தலையில் ஒரு கொலையைக் கட்டிவிட்டோம். மழைமானியும் ஆசிரியரும் போய்விட்டார்கள். பதில் சொல்ல மிச்சமிருந்தவள் நான் ஒருத்திதான். நான் அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

அந்த ஆறு தாளைப் புத்தகத்தில் சேர்க்க முடியாது. அதற்கப்புறம் அறுபத்தோரு அத்தியாயம் அவள் இல்லாத துக்கத்தில் ஓடுகிறது, புகழெல்லாம் அதற்குத்தான். அக்கா பதிப்பாளருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய கட்டத்தின் கடைசி வரியை மட்டும் அனுப்பினாள், முப்பத்தொன்றின் முடிவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. ‘தோட்டக்காரரின் மகள் அந்த அறையில் சிக்கி இறக்கிறாள்.’ இப்போது புத்தகத்தில் இருக்கிறது. மதிப்புரை எழுதிய ஒருவர், எழுத்தாளரின் ஈவிரக்கமற்ற மேதைமைக்கு இந்த ஒரு வரி போதும் என்று மெச்சியிருக்கிறார். அந்த வரி இருக்கிற புத்தகத்தில் தன் பெயர் இருக்கக்கூடாது என்றுதான் அக்கா நன்றிப் பட்டியலில் அதைச் சிவப்பு மையால் அடித்தாள்.

புத்தகம் அச்சுக்குப் போன மறுநாள் காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கையில் பழுப்பு உறை. இதைப் பழைய பத்திரிகை மாதிரியே பக்கம் போட்டுக் கொடு என்றாள். பக்கத்துக்கு அதே மூன்று பத்தி, அதே எழுத்து, மேலே கட்டம். எத்தனை பிரதி என்றேன். ஒன்று போதும் என்றாள். ஆறு தாளையும் தட்டினேன். கட்டத்துக்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பழைய கட்டம்தான், முப்பத்திரண்டின் தலையில் போட்டது. கப்பல், தோட்டம், தோட்டக்காரர், மழை பார்க்காத மகள், தக்காளி நாற்று. கதவு மூடிக்கொள்கிறது என்பதோடு முடிந்திருந்தது.

பழக்கதோஷம், எண்ணினேன். எண்பத்து நாலு.

“ஆறு சொல் குறையுதே அக்கா. கட்டத்துல வெள்ளை தெரியும்.”

“தெரியட்டும்.”

எந்த ஆறு என்று எனக்குத் தெரியும். ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். கொஞ்சநேரத்தில் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள், தோட்டக்காரருக்கு ஒரு குரல், மகளுக்கு ஒரு குரலாக. அந்தச் சின்னக் குரலைக் கேட்டுப் பத்தொன்பது வருடமாகியிருந்தது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், என் அழுகை அவளுக்குக் கேட்காமல் இருக்க.